எங்கள் பிள்ளைகளுக்கும் மனசு விட்டுப்போகும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் 14 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட், சுடிதார் தைப்பது, புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பது, ஓரம் அடிப்பது எல்லாம் உண்டு. கடைக்கு உங்கள் பத்திரிகை தினமும் வருகிறது. துணி வாங்க வந்து காத்திருப்பவர்கள் காலையில் படிப்பார்கள், மத்தியானம் கை ஓய்ந்த நேரத்தில் நான் படிப்பேன். தேர்வு முடிவு வரும் நாட்களில் பிள்ளைகளின் மன அழுத்தத்தைப் பற்றி எழுதுகிறீர்கள், உதவிக்கு அழைக்க 14416 என்ற எண்ணையும் போடுகிறீர்கள். நல்ல காரியம். ஆனால் ஒவ்வொரு தடவை அதைப் படிக்கும்போதும் எனக்கு ஒன்று தோன்றும். தேர்வே எழுதாத பிள்ளைகளும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் மனசு விட்டுப்போகும். அதைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

என் மகனுக்கு 19 முடிந்து 20 நடக்கிறது. பெயர் வேண்டாம். வீட்டில் எல்லாருக்கும் அவன் தம்பிதான், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். சர்டிஃபிகேட்டில் அறிவுசார் குறைபாடு என்று எழுதியிருக்கிறது. மூன்று வயதுவரை பேச்சு வரவில்லை. இப்போதும் இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேசமாட்டான். ஆனால் கடையில் கொக்கிகளை அளவு பார்த்துப் பிரித்து வைப்பான், ஒன்றுகூட மாறாது. பாபினில் நூல் தீரப்போவது மெஷின் சத்தத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிடும். கையில் அடுத்த பாபினோடு வந்து நிற்பான்.

ஏழு வயதிலிருந்து ஒரு சிறப்புப் பள்ளிக்குப் போனான். காலை 8 மணிக்கு மஞ்சள் வேன் தெருமுனையில் வந்து நிற்கும். 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இலவசக் கல்விக்கு வைத்திருக்கும் வயது 6 முதல் 18 வரை. 18 ஆனதும் பள்ளியில் டீ பார்ட்டி வைத்து, கையில் ஒரு கேடயம் கொடுத்து அனுப்பினார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். பின்னால் எத்தனையோ சின்னப் பிள்ளைகள் இடத்துக்குக் காத்திருக்கிறார்கள்.

அந்த ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று காலையில் நான் அடுப்படியில் இருந்தேன். தம்பி தானே குளித்து, பழைய யூனிஃபார்ம் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். டிபன் பாக்ஸ் காலியாகப் பைக்குள் இருந்தது. 8 மணிக்கு வேன் வந்தது. எதிர்த்த தெருப் பெண் குழந்தையை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அவன் 9 மணிவரை நின்றான். நான் வந்து பையைக் கழற்றி, "ஸ்கூல் லீவுடா" என்றேன். அந்த நேரத்துக்கு வாயில் வந்தது அதுதான். மறுநாளும் நின்றான். நான் மறுநாளும் லீவு என்றேன்.

இரண்டு வாரத்துக்கு அப்புறம் நிற்பதை விட்டுவிட்டான். பழகிவிட்டான் என்று நினைத்தோம். ஆடி பிறப்பதற்குள் சாப்பாடு குறைந்தது. மீன் குழம்பு வைத்தாலும் தட்டைத் தள்ளினான். ராத்திரி 3 மணிக்கு எழுந்து கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தான். மணிக்கட்டைக் கடித்துக்கொண்டான், தழும்பு இன்னும் இருக்கிறது. ஒருநாள் தலையைச் சுவரில் முட்டினான். கொக்கி டப்பாவைக் கொடுத்தால் கையில் வாங்கவே இல்லை. அக்கம்பக்கத்தில் வயசுக் கோளாறு என்றார்கள். மந்திரித்துக் கயிறு கட்டச் சொன்னார்கள், அதையும் கட்டினேன்.

முதலில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். எது என்று சொல்ல விரும்பவில்லை. நான் சொல்ல வந்த விஷயம் ஒரே இடத்தில் மட்டும் நடப்பதாக இருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. டோக்கன் வாங்கி இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தோம். கூட்டம், மணிச் சத்தம், பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம். தம்பி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்து எழுந்து ஓடினான். "பிள்ளையைப் பிடிங்கம்மா" என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். உள்ளே போனதும் டாக்டர் சர்டிஃபிகேட்டைப் பார்த்தார். "எம்.ஆர். கேஸாம்மா? இவங்க அப்படித்தான் இருப்பாங்க. மாத்திரை எழுதுறேன், அடங்கிடுவான்" என்றார். எம்.ஆர். என்பது அறிவுக் குறைபாட்டுக்கு அவர்கள் சொல்லும் பழைய ஆங்கிலப் பெயரின் சுருக்கம். நான்கு நிமிடம் ஆகியிருக்கும். கேட்ட கேள்வி எல்லாம் என்னிடம். அவன் பக்கம் திரும்பி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

எழுதிக் கொடுத்தது ரிஸ்பெரிடோன் என்ற மாத்திரை. தேவையானவர்களுக்கு நல்ல மருந்துதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். முட்டுவது நின்றது. பகலிலும் தூங்கினான், வாயோரம் எச்சில் வடிந்து தலையணை உறை நனைந்திருக்கும். பசி திரும்பியது, ஆனால் பழைய பசியாக இல்லை. எதை வைத்தாலும் விழுங்கினான். ஐந்து மாதத்தில் 9 கிலோ ஏறினான். அந்த ஐந்து மாதமும் எடை பாருங்கள், ரத்தத்தில் சர்க்கரை பாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. வீடு அமைதியாகிவிட்டது என்று நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன். அதை மறைக்க எனக்கு மனசு வரவில்லை. ஒருநாள் மெஷினில் நூல் தீர்ந்து ஊசி வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். அவன் பாபின் டப்பாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அப்புறம் அலைச்சல். ஒரு இடத்தில், "இது மனநோய் இல்லம்மா, அறிவுக் குறைபாடு. அதுக்கான நிறுவனத்துக்குப் போங்க" என்றார்கள். அங்கே போனால், "பயிற்சி நாங்க கொடுப்போம். முட்டுறான், கடிக்கிறான்னா மனநல டாக்டரைப் பாருங்க" என்றார்கள். பல்வகைக் குறைபாடுகளுக்கான மத்திய அரசு நிறுவனம் முட்டுக்காட்டில் இருக்கிறது. நல்ல இடம் என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து அது 40 கிலோமீட்டருக்கு மேல். சாதாரணக் கட்டண பஸ்ஸில் இவனுக்கும் துணைக்குப் போகும் எனக்கும் டிக்கெட் இல்லை, அந்த உதவியை மறக்கவில்லை. ஆனால் மூன்று பஸ் மாறி, நெரிசலில் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளையோடு போய்வந்தால் கடை அன்றைக்கு முழுக்கப் பூட்டுதான். பராமரிப்புக்கு அரசு தரும் மாதம் 2,000 ரூபாயை மாத்திரைக்கும் டயப்பருக்கும் வைத்துக்கொள்கிற வீடுகளில் வாரா வாரம் இதைச் செய்ய முடியாது.

கீழ்ப்பாக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 1794-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை, எத்தனையோ குடும்பங்களைத் தாங்கியிருக்கிறது. ஆனால் நாம் அந்த ஊர்ப் பெயரையே திட்டுகிற வார்த்தையாக்கி வைத்திருக்கிறோம். "என் பேரனைக் கீழ்ப்பாக்கத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போவியா?" என்று என் மாமியார் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். அந்தப் பேச்சிலேயே எங்களுக்கு இரண்டு மாதம் போனது.

கடைசியில் ஒரு அரசு மருத்துவமனையில் ஒரு சைக்காலஜிஸ்ட் பெண்ணிடம் போய்ச் சேர்ந்தோம். என் மகளைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார். எங்களைக் கூட்டத்தில் உட்காரவைக்காமல், ஓ.பி. முடிகிற நேரத்துக்கு வரச் சொன்னார். வராந்தாவே காலியாக இருந்தது. அறைக்குள் போனதும் மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தார். அப்புறம் தம்பியைப் பார்த்து, "வாங்க தம்பி, எங்க உக்காரணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார். என் பிள்ளையை ஒருவர் நீங்க என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

கையால் படம் வரைந்து வெட்டிய காகிதத் துண்டுகளை மேஜையில் பரப்பினார். சோறு, கட்டில், அம்மா, டி.வி., மழை, பஸ், ஒரு மஞ்சள் வேன், சிரிக்கிற முகம், அழுகிற முகம். என்னைப் பேசவேண்டாம் என்று கையைக் காட்டினார். அவரும் பேசவில்லை. பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. நான் சேலை நுனியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தம்பி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். பிறகு வேன் படத்தை எடுத்துத் தன் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். கேட்டபோது திருப்பித் தரவில்லை.

"வேன் என்ன ஆச்சு தம்பி?"

"வரல."

"யாரு வரல?"

"வேன் அண்ணா வரல." அப்புறம் கூடப் படித்த இரண்டு பேரின் பெயரைச் சொன்னான். அழுகிற முகத்தை எடுத்து அவர் கையில் வைத்தான்.

பதினோரு வருடம் தினமும் பார்த்த முகங்கள். அவர்கள் ஏன் வரவில்லை என்று அவனுக்குத் தெரியாது. பள்ளி முடிந்துவிட்டது என்று அவனிடம் யாருமே சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. லீவு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். முடியாத லீவு.

டாக்டரும் அந்தப் பெண்ணும் சேர்ந்து பார்த்துவிட்டு இது மனச்சோர்வு நோய் என்றார்கள். காது, பல், வயிறு எல்லாவற்றையும் முதலில் சோதித்தார்கள். வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளை முட்டுவதற்குச் சொத்தைப் பல்கூடக் காரணமாக இருக்கும் என்றார்கள். பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வேறு மருந்து கொடுத்தார்கள். நாங்களாக எதையும் நிறுத்தவில்லை. பள்ளி முடிந்ததைப் படம் போட்டு அவனுக்குச் சொன்னோம். பள்ளி, டீ பார்ட்டி, கேடயம், வீடு, கடை. வேன் அண்ணனிடம் போய்ச் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை தானே வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். பள்ளித் தோழர்களின் அம்மாக்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வடிவுடையம்மன் கோயிலுக்குப் பிள்ளைகளோடு வருகிறார்கள், நாங்களும் போகிறோம். இதெல்லாம் ஒரே மாதத்தில் பலன் தரவில்லை. ஆனால் இந்தத் தையிலிருந்து பாபின் டப்பா திரும்ப அவன் கையில் இருக்கிறது.

குறைபாடு உள்ளவருக்கு எது வந்தாலும் அதைக் குறைபாட்டின் கணக்கிலேயே எழுதிவிடுவதற்கு மருத்துவத்தில் டயக்னாஸ்டிக் ஓவர்ஷேடோயிங் என்று பெயராம். ஒன்றின் நிழல் விழுந்து இன்னொன்று தெரியாமல் போவது. பிரிட்டனில் 2007-இல் எமர்சன், ஹாட்டன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வை என் மகள் தேடி எடுத்துப் படித்துக் காட்டினாள். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளில் 100-க்கு 36 பேருக்கு மனநலப் பிரச்சினை இருந்திருக்கிறது, மற்றப் பிள்ளைகளில் 8 பேருக்கு. இங்கிலாந்தில் இப்படிப்பட்டவர்களுக்கு 14 வயதிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை முழு உடல்நலப் பரிசோதனை உண்டு. இவர்களுக்குத் தேவையில்லாமல் மனநல மாத்திரை கொடுப்பதைக் குறைக்க 2016-இலிருந்து அங்கே தனியாக ஒரு திட்டமே நடக்கிறது. அவர்களுடைய பேச்சில் இந்தக் குறைபாட்டுக்கு 'லேர்னிங் டிசெபிலிட்டி' என்று பெயர். இங்கே அந்த வார்த்தையைச் சொன்னால் எழுத்து மாறிப் படிக்கிற பிள்ளைகள் என்று நினைக்கிறார்கள். நானே ஒரு பதிவு மேஜையில் அதைச் சொல்லித் தவறான அறைக்குப் போய் ஒரு காலை நேரத்தைத் தொலைத்திருக்கிறேன்.

"இது மனநோய் இல்லை" என்று எங்களைத் திருப்பி அனுப்பியவர்கள் 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தைக் காட்டினார்கள். மனநோய்க்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் அறிவு வளர்ச்சிக் குறைவு சேராது என்பது உண்மைதான். இரண்டும் வேறு வேறு. சரி, வேறு வேறு என்றால் இது இருப்பவருக்கு அதுவும் வரலாம் இல்லையா? அதே சட்டத்தின் 18-வது பிரிவு, அரசு நடத்தும் இடங்களில் மனநலச் சிகிச்சை பெற எல்லோருக்கும் உரிமை உண்டு என்கிறது. குறைபாட்டைக் காரணமாக வைத்து வேறுபாடு காட்டக்கூடாது என்றும் சொல்கிறது.

என் பிள்ளை ஒருவனுக்காக மட்டும் இதை எழுதவில்லை. அவனோடு வேனில் வந்த ஒரு பெண் பிள்ளை, டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாடு உள்ளவள், எண்ணூர்ப் பக்கம் குப்பத்தில் வீடு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் கடலுக்கடியில் போகிற குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஜனங்கள் இருட்டில் ஓடினார்களே, அன்றைக்கு அவளும் வெறுங்காலோடு ரோட்டில் ஓடினாள். அதற்கு அப்புறம் ராத்திரி செருப்பைப் போட்டுக்கொண்டுதான் படுக்கிறாள். கழற்றினால் அலறுகிறாள். பினாயில் நெடி வந்தால் வாசலுக்கு ஓடுகிறாள். அவள் அம்மா இதைச் சொல்லப் போன இடத்தில், "இந்தப் பிள்ளைங்களுக்கு அடம் ஜாஸ்தி, செருப்பை ஒளிச்சு வைங்க" என்றார்களாம். அதே தெருவில் வேறு யாருக்காவது அந்த ராத்திரியால் தூக்கம் போயிருந்தால் அதைப் பயம் என்று புரிந்துகொண்டிருப்பார்கள்.

நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. எண்ணூர், மணலி, திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு என்று இத்தனை லட்சம் பேர் இருக்கிற வடசென்னையில், ஸ்டான்லி போல மனநலப் பிரிவு ஏற்கெனவே இருக்கிற ஓர் அரசு மருத்துவமனையில், வாரத்தில் ஒருநாள் அரைநாள் இந்தப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்க வேண்டும். மனநல டாக்டர், சைக்காலஜிஸ்ட், சிறப்பு ஆசிரியர் மூன்று பேரும் ஒரே அறையில் இருக்கவேண்டும். நேரம் குறித்துக் கொடுத்து, ஒருவருக்கு அரைமணி நேரமாவது பார்க்கவேண்டும். பேச்சு வராத பிள்ளையிடம் நான்கு நிமிடத்தில் யாராலும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது, அந்த டாக்டரும் கெட்டவர் இல்லை. அவர் மேஜையில் அன்றைக்கு நூறு சீட்டுக்குமேல் இருந்தது. மாத்திரை சாப்பிடுகிற பிள்ளைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு எடையும் சர்க்கரையும் பார்த்து, மருந்து இன்னும் வேண்டுமா என்று யோசிக்கவேண்டும்.

18 வயது ஆகிற இடம்தான் பெரிய பள்ளம். பள்ளியும் அதோடு முடிகிறது, குழந்தைகளுக்கான அரசு மருத்துவச் சேவைகளும் அதோடு முடிகின்றன. பள்ளியை விடுவதற்கு ஒரு வருடம் முன்பே, அடுத்து எங்கே, யாரிடம் என்று பிள்ளையையும் வைத்துக்கொண்டு பேசினால் போதும். எங்களுக்கு அன்றைக்கு யாராவது, "அவனுக்குப் பள்ளி முடியறதைச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

இன்னொன்று. என் மாமியாருக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவருகிற அம்மா தம்பியைப் பார்த்து, "எப்படிப்பா இருக்க?" என்று தலையைத் தடவிவிட்டுப் போவார். அன்பானவர். அவருக்கு மூன்று கேள்வி சொல்லிக் கொடுக்கலாம். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, முன்னால் ஆசையாகச் செய்ததை இப்போதும் செய்கிறானா? மூன்றாவது கேள்வியை ஆவணி மாதமே யாராவது கேட்டிருந்தால் கொக்கி டப்பாவைப் பற்றி நான் சொல்லியிருப்பேன்.

நீங்கள் போடுகிற 14416 எண்ணுக்கு ஒரு ராத்திரி நானும் போன் செய்திருக்கிறேன். தம்பிக்காக இல்லை, எனக்காக. அவன் கூடத்தில் நடந்துகொண்டிருந்தான், என்னால் முடியவில்லை. எதிர்ப்பக்கம் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் தம்பி போனில் பேசமாட்டான், அவனை நேரில்தான் பார்க்கவேண்டும்.

சுகாதாரத் துறை அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால் ஒரு தகவல். வெள்ளிக்கிழமை கோயிலில் கூடுகிற ஏழு அம்மாக்களிடம் கேட்டேன். வியாழக்கிழமை காலை 10 மணிக்கு அப்புறம் என்றால் ஏழு பேருமே வரமுடியும் என்கிறார்கள். அந்த நேரத்தில் பஸ்ஸில் கூட்டமும் குறைவு. தனியாக வராந்தாவும் இரண்டு பெஞ்சும் இருந்தால் காத்திருப்போம். சத்தம் மட்டும் இல்லாமல் இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
தையல் கடை வாசகி,
காலடிப்பேட்டை, திருவொற்றியூர்.